சுற்றுச்சூழல் சட்ட வளர்ச்சியில் பசுமைத் தீர்ப்பாயத்தின் பங்கு

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் என்பது இந்தியாவில் சுற்றுச்சூழல் தொடர்பான உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதி அமைப்பாகும். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று இது நிறுவப்பட்டது. முதன்மை அமர்வு புது தில்லியிலும், மண்டல அமர்வுகள் சென்னை, புனே, போபால், கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் உள்ளன.

தோற்றம்

தில்லியில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், 1986ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தனிச் சுற்றுச்சூழல் நீதிமன்றங்கள் தேவை எனக் கருத்துத் தெரிவித்தது. அறிவியல் தரவுகளை மதிப்பிட நீதிபதிகளுக்கு வல்லுநர் துணை வேண்டும் என்பதே இதற்குக் காரணம். இந்தியச் சட்ட ஆணையமும் 2003ஆம் ஆண்டு தனது 186ஆவது அறிக்கையில் இதனைப் பரிந்துரைத்தது.

அமைப்பும் நடைமுறையும்

தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர்களுடன் சுற்றுச்சூழல் வல்லுநர்களும் உறுப்பினர்களாக அமர்கின்றனர். வல்லுநர் இங்கே சாட்சி அல்லர்; தீர்ப்பு வழங்குபவர்களுள் ஒருவர். உரிமையியல் நடைமுறைச் சட்டம் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது; இயற்கை நீதிக் கோட்பாடுகளைப் பின்பற்றினால் போதும். வழக்குகளை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் எனவும் சட்டம் கூறுகிறது.

கோட்பாடுகள் சட்டமாதல்

வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது தொடர்பான வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரு கோட்பாடுகளை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தீங்கு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. தீர்ப்புரைகளில் இருந்த இவ்விரண்டையும், பேண்தகு வளர்ச்சிக் கோட்பாட்டையும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கட்டாயமாக்கியது. ஆகவே, தீர்ப்பாயம் இவற்றைத் தன் விருப்பப்படி விட்டுவிட இயலாது. ஒவ்வொரு வழக்கிலும் இவற்றைப் பயன்படுத்துவதால் கோட்பாடுகளுக்கு நடைமுறைப் பொருள் கிடைக்கிறது.

அதிகார எல்லை

நீர், காற்று, காடு, பல்லுயிர் பாதுகாப்பு முதலிய பொருள்கள் பற்றி அட்டவணையில் குறிப்பிடப்பட்ட சட்டங்கள் மட்டுமே தீர்ப்பாயத்தின் வரம்பில் உள்ளன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுள் இல்லை.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை வழக்கு இந்த எல்லையைத் தெளிவுபடுத்தியது. தமிழ்நாடு அரசு 2018 மே மாதம் பிறப்பித்த மூடல் ஆணையைத் தீர்ப்பாயம் அவ்வாண்டு டிசம்பரில் நீக்கியது. ஆனால், அதற்கு அந்த அதிகாரம் இல்லை என 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் 2020இல் மூடலை உறுதி செய்தது. ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2024இல் தள்ளுபடி செய்தது.

மறுபுறம், யாரும் மனு அளிக்காதபோதும் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மாசினால் பாதிக்கப்பட்டும் வழக்குத் தொடுக்க வசதியற்ற மக்களுக்கு இது முக்கியமானது.

இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. சுற்றுச்சூழலைக் காக்கும் நோக்கத்தில் தீர்ப்பாயத்தின் கை நீளலாம். ஆனால் சட்டம் வழங்காத மேல்முறையீட்டு அதிகாரத்தை அது தானே எடுத்துக்கொள்ள முடியாது.