பவுல் ஷ்னைடர்: சபைக்கும் வீட்டுக்கும் உண்மையாக

ஜெர்மனியின் டிக்கன்ஷீட் கிராமத்துப் போதகர் பவுல் ஷ்னைடர், ஆறு பிள்ளைகளின் தந்தை. சபைக் காரியங்களில் நாஜிக் கட்சி தலையிடுவதை எதிர்த்ததால், ரைன்லாந்தை விட்டு வெளியேறும்படி 1937இல் உத்தரவு வந்தது. மந்தையைக் கைவிட மறுத்துத் திரும்பி வந்தவரை, அந்த நவம்பரில் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். ஸ்வஸ்திகா கொடியை வணங்க மறுத்துத் தனிச்சிறையில் அடைபட்ட பிறகும், சன்னல் வழியே சக கைதிகளுக்கு வேதவசனம் சொன்னார். 1939 ஜூலை 18 அன்று கொல்லப்பட்டார்.

வெளியேறச் சம்மதித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்குமே, பிள்ளைகளைத் தகப்பனில்லாமல் விடலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் மனைவி மார்கரெட் அந்த முடிவுக்குத் துணைநின்றார். கணவரின் வரலாற்றைப் பின்னாளில் நூலாகவும் வெளியிட்டார். தான் பிரசங்கித்ததைத் தானே மறுக்கும் தந்தை பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பார்? அவருடைய உறுதியையும் குடும்பப் பாசத்தின் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.