விசைப்பலகைக்கு மொழி உண்டோ?

‘தமிழெழுத்துப் பொறித்த விசைப்பலகை நம் பள்ளியில் இல்லையே’ என்று கூறித் தமிழ் வினாத்தாளைக் கணினியில் அமைக்கத் தயங்கும் ஆசிரியர் இன்றும் உளர். எமது தோட்டப் பள்ளியில் இளைய ஆசிரியை ஒருவர், ஐந்தாம் ஆண்டு வினாத்தாளைக் கையால் எழுதிப் பட்டணத்துக் கடையொன்றில் தட்டெழுதக் கொடுத்தார். திரும்பி வந்த தாளில் லகர ளகர ழகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. பிழை திருத்தக் கற்பிக்கும் நாமே பிள்ளைகளிடம் பிழை மலிந்த தாளைத் தரலாமா? இத்தயக்கத்திற்குக் காரணம் உண்டா எனக் காண்போம்.

கணினிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி முதலியன புறக்கருவிகள் எனப்படும். முன்னாளில் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிச் செருகுவாய் வேண்டியிருந்தது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் சிறு வட்டவாய். அச்சுப்பொறிக்கு 25 துளைகள் கொண்ட நீண்ட வாய். இக்குழப்பத்தை நீக்க ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்த யூ.எஸ்.பி. என்னும் பொது இணைப்பு முறை 1996 சனவரியில் வெளிவந்தது. அவற்றுள் ஒன்றாகிய இன்டெல், 1972 முதல் நம் பினாங்கில் ஆலை நடத்தி வருவதாகும். அந்நிறுவனத்தில் இம்முறையை உருவாக்க உழைத்தவருள் பரோடாவில் பயின்ற அஜய் பட் குறிப்பிடத்தக்கவர்.

இதன் தொடக்கநிலை வடத்தில் நான்கு கம்பிகளே உள. இரண்டு 5 வோல்ட் மின்சாரத்திற்கு உரியன. இரண்டு செய்தியைச் சுமப்பன. கருவியைச் செருகியவுடன் கணினி, ‘நீ யார்?’ என வினவுகிறது. ‘யான் விசைப்பலகை’ எனக் கருவி விடையிறுக்கிறது. உடனே கணினி அதற்கு ஓர் எண்ணை முகவரியாக வழங்குகிறது. இவ்வாறு 127 கருவிகள் வரை ஒரே அமைப்பில் இணையலாம்.

இனி, ‘கே’ என்று பொறித்த விசையை அழுத்துவோம். வடத்தின் வழியே செல்வது ஆங்கில எழுத்தன்று. 14 என்னும் எண்ணே செல்கிறது. அவ்வெண் விசையின் இடத்தை மட்டும் குறிக்கும். அதனை எழுத்தாக்குவது கணினியினுள் உள்ள மென்பொருள். தமிழ்நாட்டரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் அவ்விசை மகரம் தரும். நம் நாட்டு முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் அஞ்சல் முறையில் ககர மெய் தரும். வட்டவாய்ப் பலகையிலும் எண்தான் வேறு, முறை ஒன்றே.

எனவே விசைப்பலகைக்கு மொழி இல்லை. விசைமேல் பொறித்த எழுத்து கண்ணுக்கு உதவும் அடையாளமேயன்றிப் பிறிதில்லை. பள்ளி மூலையில் கிடக்கும் பழைய பலகையும் தமிழ் எழுதும்.

தமிழ்99 முறையில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை அழுத்தி ஆகாரத்தை அழுத்தினால் ‘கா’ தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறப்பதைக் கரும்பலகையில் விளக்கும் நமக்கு இது புதுப்பாடமா? நாளும் கால்மணி நேரம் பழகினால் விரல்களே இடமறியும். அன்றியும், லகர ளகர ழகரங்களைத் தமிழறிந்த நம் விரல்களே தேர்ந்தெடுக்கும். பிறர் கைப்பிழைக்கு நம் மாணவர் ஆளாகார்.