மழைக்காட்டில் தீ

அமேஸான் நதிப் பிரதேசத்து மழைக்காடு எரிகிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது, வானளாவிய சுவாலைகள் மரத்துக்கு மரம் தாவுவதாகவே நம் மனம் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில், கோடாலி படாத அடர்ந்த காட்டினுள் முதன்முறையாக நுழையும் தீ, பெரும்பாலும் முழங்காலுக்கும் எட்டாத உயரத்தில், சருகுகளின்மேல் மெல்லிய கோடாக ஊர்ந்து செல்வது. ஒருவர் அதைத் தாண்டி அப்பால் போய்விடலாம். இவ்வளவு சாதுவான நெருப்பு நூறடி வளர்ந்த விருட்சங்களை எப்படிக் கொல்கிறது என்பதே விசாரிக்கத்தக்க விஷயம்.

சாதாரண வருஷங்களில் அந்தக் காடு எரியாது. மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக் கூரையாக நிற்பதால் வெயிலும் காற்றும் கீழே இறங்குவதில்லை. சருகு ஈரம் உலராமலே மக்கிப்போகிறது. மழை ஓய்ந்த மாதங்களிலும் இலை பசுமை மாறாதிருப்பதற்குக் காரணம் வேர். பிரேஸிலின் பாரா மாநிலத்தில் பராகோமினாஸ் என்ற ஊரருகே குழி தோண்டிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், 8 மீட்டருக்கும் கீழே மரவேர்கள் ஜலத்தை உறிஞ்சுவதைக் கண்டார்கள். பசிபிக் சமுத்திரம் வெப்பமேறும் எல் நினோ வருஷங்களில் அனாவிருஷ்டி நீண்டுகொண்டே போனால், இந்த ஆழத்துச் சேமிப்பும் வற்றி, மரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு இலையை உதிர்க்கின்றன. அந்த உபாயமே காட்டுக்கு விபரீதமாக முடிகிறது: கூரையில் துளை விழுகிறது, வெயில் தரையைத் தொடுகிறது, புதுச் சருகு குவிந்து சில வாரங்களிலேயே பற்றிக்கொள்ளும் பதத்துக்கு வந்துவிடுகிறது. மின்னல் அங்கே பெரும்பாலும் மழையோடு வருவதால், நெருப்பை வைப்பவன் அநேகமாக மனிதனே. மேய்ச்சல் நிலத்தைப் புதுப்பிக்கவோ விளைநிலம் திருத்தவோ மூட்டியது எல்லை மீறிக் காட்டுக்குள் போய்விடுகிறது.

இனிப் பட்டையைக் கவனிப்போம். மரத்தின் பிராணன், பட்டைக்கு உட்புறமாக அடிமரத்தைச் சுற்றியுள்ள மெல்லிய வளர்திசுவில் இருக்கிறது. அதன் உஷ்ணம் சுமார் 60 பாகை செல்சியஸுக்கு ஏறினால் உயிரணுக்கள் மாண்டுவிடும். அங்கே வெப்பம் சென்று சேர எடுக்கும் நேரம் பட்டைத் தடிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது; தடிப்பு இருமடங்கானால் அவகாசம் நான்கு மடங்காகும். பிரேஸிலின் செராடோ என்னும் புல்வெளிப் பிரதேசத்து மரங்கள், அடிக்கடி எரிவதற்குப் பழகித் தக்கைபோன்ற தடித்த பட்டையைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. மழைக்காட்டு மரங்களுக்கோ அப்படிப்பட்ட நிர்ப்பந்தம் நேர்ந்ததில்லை. வெனிசுவேலாவில் ரியோ நேக்ரோ கரையிலுள்ள சான் கார்லோஸ் பகுதியில் மண்ணுக்குள் கிடைத்த மரக்கரி, சில நூற்றாண்டுகள் முதல் சுமார் 6,000 வருஷம் வரை பழமையுள்ளது என்று கணித்திருக்கிறார்கள். தீ அங்கே அவ்வளவு அபூர்வமான விருந்தாளி. ஆகவே பல மரங்களின் பட்டை ஒரு சென்டிமீட்டர்கூட இராது. சுவாலை சிறிதாயினும் மெதுவாக நகர்வதால், ஒவ்வோர் அடிமரத்தையும் நெடுநேரம் சுட்டுவிட்டே நகர்கிறது. பெருமரங்களைத் தாங்கும் பலகை வேர்களின் இடுக்குகளில் சருகு ஆழமாகச் சேர்ந்திருக்குமாதலால், அங்கே கனல் தங்கி, ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக வேகவைத்துவிடுவதும் உண்டு.

முதலில் மடிபவை சிறு மரங்கள். பெரிய மரங்கள் தப்பிவிட்டதாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பலாகாது. 1997–98 ஆம் ஆண்டுத் தீக்குப் பின் ஜாஸ் பார்லோ, கார்லோஸ் பெரஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் மத்திய அமேஸானில் கணக்கெடுத்தபோது, ஒரு வருஷம் வரை நின்ற பெருமரங்கள் பல, மூன்றாம் வருஷத்துக்குள் பட்டுப்போயிருந்தன. வெந்த பக்கத்தில் பூஞ்சையும் பூச்சியும் நுழைகின்றன. உள்ளே உளுத்த மரம் காற்றுக்கு முறிந்து விழும்போது அண்டை மரங்களையும் சாய்த்துக்கொண்டே விழுகிறது. 2015–16 வறட்சியிலும் அதையொட்டிய தீயிலும், டபஜோஸ் நதியின் கீழ்ப்பகுதியில் மட்டும் மரங்களும் கொடிகளுமாகச் சுமார் 250 கோடி மாண்டன என்பது மதிப்பீடு. அப்பகுதியோ அமேஸான் காட்டில் நூறில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மென்மையான கட்டையும் மெல்லிய பட்டையும் உடையவையே அதிகம் பலியாயின.

முதல் தீயைவிட இரண்டாவது கொடியது. முன்பு மடிந்த மரங்களே இப்போது விறகாகக் கிடக்கின்றன, கூரை திறந்திருப்பதால் சருகு விரைவில் உலர்கிறது, சுவாலை உயர்கிறது, முன்பு தப்பித்த தடித்த பட்டை மரங்களும் இம்முறை தப்புவதில்லை. இதைப் பரீட்சித்துப் பார்க்கவே, மாட்டோ கிராஸோ மாநிலத்தில், காட்டின் தென்கிழக்கு விளிம்பிலுள்ள டங்குரோவில், 2004 முதல் ஒரு பகுதியை வருஷந்தோறும், மற்றொன்றை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கொளுத்தி, வேறொன்றைத் தீண்டாமல் வைத்தார்கள். மழை சுமாராகப் பெய்த வருஷங்களில் சேதம் மிதமாகவே இருந்தது. 2007 இல் வறட்சி சேர்ந்துகொண்டதும் மரணம் திடீரென்று பலமடங்காயிற்று. காடு வயலைத் தொடும் ஓரங்களில் கூரை கலைந்த இடமெல்லாம் அந்நியப் புற்கள் புகுந்தன; ஒரு கோடையிலேயே காய்ந்து சுள்ளென்று எரியும் அந்தப் புல், மரக்கன்று தலையெடுக்குமுன் அடுத்த தீயை அழைத்துவிடுகிறது.