நெஞ்சுத் தழும்பு ஆறிவிட்டது, சரி...

"அதான் சின்னப் புள்ளையிலேயே ஆப்பரேஷன் செஞ்சாச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?"

தோட்டத்து லயத்திலும் சரி, கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வீடுகளிலும் சரி, இந்தப் பேச்சை நாம் கேட்டிருக்கிறோம். இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளை ஓடியாடி வளர்ந்து வேலைக்கும் போகிறது. பெற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கோலாலம்பூரில் தேசிய இருதய சிகிச்சைக் கழகம் 1992ல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டுகளில் ஆப்பரேஷன் செய்துகொண்ட குழந்தைகள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். இனிமேல்தான் அவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

உடம்பு நீலம் பாரிக்கும் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு டாக்டர் ஃபாலோ 1888ல் விவரித்த நோய் இது. நான்கு குறைகள் சேர்ந்தது. கீழறைகளுக்கு நடுவே ஓட்டை; நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியில் நெருக்கம்; இந்த இரண்டும்தான் முக்கியம். 1954ல் அமெரிக்காவில் டாக்டர் லில்லிஹை முதன்முதலாக இதைச் சரிசெய்தார். ஓட்டைக்கு ஒட்டுப்போட்டு, நெருக்கத்தை வெட்டி அகலமாக்குவார்கள். குழந்தை பிழைத்துவிடும். ஆனால் அகலமாக்கிய இடத்து வால்வு பலருக்குச் சரியாக மூடுவதில்லை.

தண்ணீர் பம்பில் வால்வு கசிந்தால் ஏற்றின தண்ணீர் திரும்பி இறங்குமல்லவா? அதேபோல், தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வலது கீழறைக்கே திரும்புகிறது. அறை விரிந்துகொண்டே போகிறது. ரப்பர் நாடாவை வருஷக்கணக்கில் இழுத்தே வைத்திருந்தால் என்னாகும் என்று பால் வெட்டிப் பிழைத்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இருபது முப்பது வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு, செம்பனைக் குலை தூக்கினவனுக்கு மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். "வயசாச்சு" என்பான். சிலருக்குத் துடிப்பு தாறுமாறாகி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. எக்கோ ஸ்கேனில் டாக்டர் இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பார். காலத்தில் வால்வை மாற்றினால் விரிந்த அறை சுருங்கும். இப்போது சிலருக்கு நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியாகவே மாற்றுகிறார்கள். ரொம்பவும் தள்ளிப்போட்டால் அறை பழைய நிலைக்கு வராது.

எல்லோரையும் பயமுறுத்தவில்லை. சின்ன ஓட்டையைச் சிறுவயதிலேயே அடைத்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு அடிக்கடி சோதனை வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். நாமே முடிவுகட்ட வேண்டாம்.

பெண் பார்க்க வரும்போது தழும்பை மறைப்பது நம்மிடையே நடப்பதுதான். மாமியாரிடம் மறைத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கர்ப்பகாலத்தில் உடம்பில் இரத்தம் ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. இருதயம் அதைத் தாங்குமா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். ஈறு வழியாகப் போகும் கிருமி இருதயத்தில் தங்கிவிடலாம்.

முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், இருதய டாக்டருக்குக் கடிதம் கேளுங்கள். பழைய கார்டு தொலைந்திருந்தால் பரவாயில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த வருஷம், என்ன ஆப்பரேஷன் என்று அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு அந்தத் தேதி மறந்திருக்காது.