‘அண்ணாச்சி, ஒரு கேஸ் மாத்திரை!’ - நாள்பட்ட வயிற்றுத் தொல்லையை அடையாளம் காண்பது எப்படி?

கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் பலருக்குக் காலைச் சாப்பாடே டீயும் வடையும்தான். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து இடுப்பு வலித்தால் ஒரு வலி மாத்திரை. நெஞ்சு கரித்தால் மெடிக்கல் ஷாப்பில், “அண்ணாச்சி, ஒரு கேஸ் மாத்திரை குடுங்க.” கரிசல் காட்டில் களையெடுப்பவர்கள் முதல் சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் அவர்களின் பிள்ளைகள் வரை இதே கதைதான்.

‘கேஸ்’ என்பது ஒரே நோயா?

இல்லை. குறைந்தது மூன்று தொல்லைகளை நாம் அந்த ஒரே பெயரில் சொல்கிறோம்.

எதுக்களிப்பு: இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது. நெஞ்சு எரிச்சல், புளித்த ஏப்பம் வரும். சாப்பிட்டவுடன் படுத்தால் அதிகமாகும்.

அல்சர்: இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ உண்டாகும் புண். மேல்வயிறு வலிக்கும். சிலருக்குப் பசி நேரத்திலும் நடு ராத்திரியிலும் வலி எழுப்பிவிடும்.

செரிமானக் கோளாறு: கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடும், உப்புசம் இருக்கும். எண்டோஸ்கோபியில் புண் எதுவும் தெரியாது. ஆனாலும் தொல்லை நிஜம்.

நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் அல்சரா?

வீட்டில் எல்லாரும் சொல்வது இதைத்தான். பட்டினியும் காரமும் இருக்கிற வலியைக் கூட்டலாம். ஆனால் பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. யாரும் நம்பாததால், 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார்.

இரண்டாவது, டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். இவை இரைப்பைச் சுவரின் பாதுகாப்பைக் குறைத்துவிடும். இடுப்பு வலிக்குப் போட்ட மாத்திரையே வயிற்றில் புண்ணாகலாம்.

கேஸ் மாத்திரை போதாதா?

பான்டோபிரசோல் போன்றவை அமிலத்தைக் குறைக்கும். கிருமியைத் தனியாக ஒழிக்காது. அதற்கு ஆன்டிபயாடிக்குகளும் சேர்ந்த சிகிச்சை, பெரும்பாலும் 14 நாள், தேவை. மாதக்கணக்கில் நாமாகவே விழுங்கினால், வயிற்றுப் புற்றுநோயின் ஆரம்ப அறிகுறியைக்கூட அது மறைத்துவிடலாம்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது?

* விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, ஓயாத வாந்தி: உடனே மருத்துவரைப் பாருங்கள்.
* ரத்த வாந்தி அல்லது தார் போலக் கறுத்த மலம்: அவசர சிகிச்சை தேவை.
* நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, மூச்சிரைப்பு, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி: மாரடைப்பாக இருக்கலாம். ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2-3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். புகை, மதுவைக் கைவிடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு மருத்துவரிடம் போங்கள்.