வெயில் காப்புக் களிம்பு: குடியானவர் குடும்பத்திற்கு ஏற்ற சிக்கனமான தேர்வு

வயல் வேலை செய்வோருக்கு வெயில் புதிதன்று. நாற்று விடுவது முதல் களத்துமேட்டில் நெல் தூற்றுவது வரையில் உள்ள வேலைகள் யாவும் திறந்த வெளியில் பகற்பொழுதிலேயே நடைபெற வேண்டியிருக்கின்றன. ஆயினும், வெயிலினால் சருமத்திற்கும் கண்களுக்கும் நேரும் கெடுதிகளைப் பற்றிக் குடியானவர்களுள் பலர் போதிய கவனம் செலுத்துவதில்லை. 'சன்ஸ்கிரீன்' என்று வழங்கும் வெயில் காப்புக் களிம்புகள் இப்பொழுது சிற்றூர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கின்றன. பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் பிள்ளைகள் அவற்றை வாங்கித் தரும்படி கேட்கிறார்கள். விலையோ ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடுகிறது. இவற்றுள் எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, குடும்பத்தில் யாருக்கு முதலில் வாங்குவது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரணங்களின் தன்மை

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கிரணங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் பூமியை வந்தடைபவை இரு வகை. யூ.வி.பி. என்பது சருமத்தின் மேற்புறத்தைச் சுட்டு எரிச்சலையும் கன்றிப்போதலையும் உண்டாக்குவது. இது உச்சிப் பொழுதில் மிகக் கடுமையாக இருக்கும். யூ.வி.ஏ. என்பது சருமத்தினுள் ஆழச் சென்று சுருக்கத்தையும் கரும்படலத்தையும் உண்டாக்குவது. இது கண்ணாடியையும் ஊடுருவ வல்லது. நம்மை வந்தடையும் புற ஊதாக் கிரணங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இவ்விரண்டாம் வகையே.

இங்கு முக்கியமாக அறிய வேண்டுவது ஒன்று உண்டு. உஷ்ணம் வேறு, புற ஊதாக் கிரணம் வேறு. மெல்லிய மேகம் மூடியிருக்கும் நாளிலும் இக்கிரணங்களில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் இவற்றின் வேகம் நூற்றுக்குச் சுமார் பத்துப் பங்கு மிகுகிறது. ஆதலின், 2,000 மீட்டருக்கு மேல் உள்ள உதகமண்டலத்துத் தேயிலைத் தோட்டத்தில் குளிர்காற்றில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு வெயில் உறைக்காமற் போயினும், அவள் முகத்தில் விழும் கிரணம் சமவெளியில் விழுவதினும் குறைந்ததன்று. சென்னையில் ஏப்ரல் நான்காவது வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாவது வாரத்திலும் நண்பகற் சூரியன் நேரே தலைக்கு மேல் நிற்கிறது. ஆகவே கத்திரி வெயில் கழிந்துவிட்டது என்று எண்ணி ஆகஸ்டு மாதத்தில் அசட்டையாக இருத்தல் கூடாது.

கருவி ஏதுமின்றிக் கிரணத்தின் கடுமையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தன் நிழல் தன் உயரத்தினும் குட்டையாக இருக்கும் பொழுது கிரணங்கள் கடுமையாக இருக்கின்றன என்றும், நிழல் நீண்டிருக்கும்பொழுது தணிந்திருக்கின்றன என்றும் கொள்ளலாம்.

கறுத்த மேனிக்குக் காப்பு வேண்டுமா?

நம்மவரின் மேனி நிறம் ஓர் இயற்கைக் காப்பு என்பது மெய்யே. சருமத்திலுள்ள கருநிறமி கிரணங்களை ஓரளவு தடுத்துவிடுவதனால், வெள்ளையரிடையே மிகுதியாகக் காணப்படும் சருமப் புற்றுநோய் நம்மிடையே மிகவும் குறைவு. ஆனால் இக்காப்பு முழுமையானதன்று. பெண்களின் கன்னத்திலும் நெற்றியிலும் படரும் மங்கு வெயிலினால் மிகும். வெண்புள்ளி உள்ள இடங்களிலும், பிறவியிலேயே நிறமி அற்றவர்களின் மேனி முழுவதிலும் இவ்வியற்கைக் காப்பு இல்லை. கண்புரைக்கும் வெண்விழியில் சதை வளர்வதற்கும் புற ஊதாக் கிரணம் ஒரு காரணம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் எச்சரித்துள்ளது.

களிம்பின் பயனைப் பற்றிய பெரிய சோதனை ஒன்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் உள்ள நாம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை நடத்தப்பட்டது. அவ்வூரார் 1,621 பேர் இதிற் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் நாள்தோறும் முகம், கழுத்து, கைகளில் களிம்பு தடவி வந்தனர். மறுபாதியினர் தம் விருப்பப்படி தடவினர். நாள்தோறும் தடவியவர்களுக்கு ஒருவகைச் சருமப் புற்று நூற்றுக்குச் சுமார் நாற்பது பங்கு குறைந்தது. சருமம் மூப்படைவதும் குறைந்தது. அவர்கள் வெண்ணிற மேனியராதலால் புற்றுநோய்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. அங்குக் கொடுக்கப்பட்ட களிம்பு உயர்ந்த எண்ணுடையதன்று. காப்பு எண் 16 மட்டுமே கொண்டது. பயனை அளித்தது களிம்பின் உயர்வன்று, தவறாமல் தடவிய வழக்கமே.

முதற் காப்பு துணியே

களிம்பு வாங்குமுன் வீட்டிலுள்ள துணியைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். துணி ஒருமுறை வாங்கினால் பல மாதம் உழைக்கும், வியர்வையில் அழியாது, இரண்டு மணிக்கொருமுறை புதுப்பிக்க வேண்டுவதுமில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் நம் பெண்கள் சேலையின்மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் மிகச் சிறந்தது. இதனை ஆண்களும் பின்பற்றுதல் நலம்.

எல்லாத் துணியும் ஒரே அளவாகக் காப்பதில்லை. துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஒளி எவ்வளவு ஊடுருவுகிறதோ அவ்வளவுக்கு அது காப்பில் குறைந்தது என அறியலாம். நெருக்கமான நெசவும் அடர்ந்த நிறமும் நன்கு தடுக்கும். நைந்த மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி குறைவாகவே தடுக்கும். அது நனைந்துவிட்டால் காப்பு இன்னும் குறையும். முண்டாசு உச்சந்தலையை மட்டும் காக்கும். காதும் பிடரியும் வெளியிலேயே நிற்கும். துண்டின் ஒரு முனை பிடரியில் தொங்கும்படி கட்டிக்கொண்டாலோ, அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியை அணிந்தாலோ இக்குறை நீங்கும். கண்ணுக்குக் களிம்பு காப்பாகாது; தொப்பியின் விளிம்பே காப்பு.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

1. எஸ்.பி.எப். என்னும் காப்பு எண்: இது யூ.வி.பி. கிரணத்தைத் தடுக்கும் வன்மையைக் காட்டுவது. எண் 15 உள்ளது நூற்றுக்கு 93 பங்கையும், 30 உள்ளது 97 பங்கையும், 50 உள்ளது 98 பங்கையும் தடுக்கும். முப்பதுக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறிது. ஆகவே எண் 30 உள்ளதை வாங்கினாற் போதும். அதே விலைக்கு 50 கிடைத்தால் வாங்கலாம்.

2. யூ.வி.ஏ. காப்பு: எஸ்.பி.எப். எண் இதனைக் காட்டாது. 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்னும் சொற்களோ, பி.ஏ. என்னும் எழுத்துக்களுக்குப் பின் கூட்டற்குறிகளோ உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஜப்பான் நாட்டில் 1996-இல் தோன்றிய இம்முறையில் கூட்டற்குறிகள் மிகுந்தால் காப்பும் மிகும். மூன்று குறிகள் உள்ளது நமக்கு ஏற்றது.

3. மூலப்பொருள்: ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டேனியம் டையாக்ஸைடு ஆகியவை உள்ள களிம்புகள் பொதுவாக எரிச்சல் தருவதில்லை, குழந்தைகளுக்கும் மென்சருமத்தினருக்கும் இவை உகந்தவை. தடவிய இடம் சிறிது வெளுத்துத் தோன்றுவது களிம்பின் குற்றமன்று.

4. லேபில்: தயாரித்தவரின் பெயர், லைசென்சு எண், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இல்லாத எதையும் வாங்கலாகாது. காலங் கடந்த சரக்கைப் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது நஷ்டமே.

5. வாசனை, மினுமினுப்பு, மேனியை வெளுப்பாக்கும் என்ற வாக்குறுதி ஆகியவற்றிற்குக் காசு கொடுக்க வேண்டுவதில்லை. காற்றில் தெளிக்கும் ஸ்பிரே வகையில் பெரும்பகுதி வீணாகும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று குறிக்கப்பெற்ற வகை வியர்வையைச் சற்றுத் தாங்குமாதலால் வயல் வேலைக்கு நல்லது.

அளவும் செலவும்

எஸ்.பி.எப். எண் ஒரு சதுர சென்டிமீட்டர் சருமத்திற்கு இரண்டு மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்துக் கண்டதாகும். பொதுமக்களோ இதில் பாதியோ காற்பங்கோதான் தடவுகிறார்கள். அதனால் லேபிலில் கண்ட காப்பு அவர்களுக்குக் கிட்டுவதில்லை. விலையுயர்ந்த களிம்பை மிச்சம் பிடித்து மெல்லியதாகப் பூசுவதினும், மலிவான நல்ல களிம்பைத் தாராளமாகப் பூசுவதே மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்திற்கும் பிதுக்கி எடுத்தால் முகத்திற்கும் கழுத்திற்கும் போதுமான அளவாகும். வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு தடவ வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்வையைத் துடைத்த பின்னும் மீண்டும் தடவ வேண்டும்.

விலையைக் குழாயைப் பார்த்து மதிக்காமல் கிராமுக்கு இவ்வளவு என்று கணக்கிட வேண்டும். உதாரணமாக, 50 கிராம் 400 ரூபாய் என்றால் கிராமுக்கு 8 ரூபாய். 100 கிராம் 500 ரூபாய் என்றால் கிராமுக்கு 5 ரூபாய். இரண்டாவதே சகாயம். இனி, ஒருவர் மாதத்தில் 25 நாள், காலையில் இருமுறை தடவி வேலை செய்து, உச்சிக்குள் கரையேறிவிடுவதாகக் கொள்வோம். முகம், கழுத்து, கைகள், முழங்காலின் கீழ் ஆகிய யாவும் திறந்திருந்தால் ஒரு தடவைக்குச் சுமார் 8 கிராம் செல்லும்; மாதத்திற்கு 400 கிராம், அதாவது 2,000 ரூபாய். முழுக்கைச் சட்டையும், காலை மூடும் உடையும், காதையும் பிடரியையும் மறைக்கும் துணியும் அணிந்து முகத்திற்கு மட்டும் தடவினால் ஒரு தடவைக்கு ஒரு கிராம் போதும். மாதத்திற்கு 50 கிராம், 250 ரூபாய். மீதமாகும் 1,750 ரூபாயும் துணி ஈட்டித் தரும் லாபம்.

யாருக்கு முதலில்?

அந்த 250 ரூபாயையும் எல்லோருக்கும் செலவிட இயலாத குடும்பங்கள் உண்டு. அத்தகைய இல்லங்களில் நிறமியற்ற பிறவியினர், வெண்புள்ளி உள்ளவர், மங்கு படர்ந்தவர், வெயில் ஒவ்வாமையை உண்டாக்கும் மருந்து உட்கொள்பவர் ஆகியோருக்கே முதலிடம் தர வேண்டும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கப்படும் டாக்ஸிசைக்ளின் அத்தகைய மருந்துகளுள் ஒன்று. அதனை உண்ணும் நாட்களில் வெயிலில் சருமம் எளிதிற் கன்றிவிடும். அடுத்தபடியாக, உச்சிப் பொழுதில் திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசுக்களுக்குக் களிம்பு தடவாமல் நிழலிலேயே வைத்திருத்தல் வேண்டும். ஏனையோர் துணியையும், தொப்பியையும், வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்வதையும் கொண்டே பெரும்பகுதித் தீங்கைத் தவிர்த்துக்கொள்ளலாம்.

மருந்து தெளிப்போருக்கு எச்சரிக்கை

2,4-டி என்னும் களைக்கொல்லி சருமத்தின் வழியே உடலினுள் இறங்குவதைச் சில வெயில் காப்புக் களிம்புகள் அதிகப்படுத்துகின்றன என்று ஆராய்ச்சிச் சாலைச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. ஆதலின், களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ தெளிக்கும் நாட்களில் களிம்பை நம்பி மேனியைத் திறந்து வைத்தல் ஆகாது. உடலை உடையாலும் கையுறையாலும் முகமூடியாலும் மறைத்துக்கொள்ள வேண்டும். மருந்து பட்ட கையால் களிம்பைத் தொடுதல் கூடவே கூடாது.

சில தவறான எண்ணங்கள்

தேங்காயெண்ணெய், மஞ்சள், சந்தனம் ஆகியவை சருமத்திற்கு வேறு வகையில் இதமளிக்கலாம். வெயிற் காப்புக்கு அவை போதா. ஜிங்க் ஆக்ஸைடுத் தூளை வாங்கி வீட்டில் எண்ணெயிற் குழைப்பதும் பயன் தராது. தூள் கட்டி கட்டியாக நின்று இடைவெளி விட்டுவிடும். காலமைன் திரவம் அரிப்புக்கு உரியது. வெயிற் காப்புக்கென்று சோதிக்கப்பட்டதன்று. களிம்பு உஷ்ண மயக்கத்தைத் தடுக்கும் என்று எண்ணுவதும் பிழை; அதற்கு நீரும் நிழலும் ஓய்வுமே மருந்து. குழாயை வரப்பிலோ வண்டிப் பெட்டியிலோ வெயில் பட வைத்தால் களிம்பு கெட்டுவிடும். குடிநீர்க் குடத்தின் அருகே நிழலில் வைப்பது நலம்.

சுருங்கக் கூறின், துணி முதலாவது, வேலை நேரம் இரண்டாவது, களிம்பு மூன்றாவது. களிம்பு வாங்குவோர் எண் முப்பதும், யூ.வி.ஏ. காப்பும், கடைசித் தேதியும் பார்த்து, கிராமுக்கு விலை எது குறைவோ அதனை வாங்கி, குறைவின்றியும் தவறாமலும் தடவி வருவார்களாயின், சொற்பச் செலவிலேயே குடும்பத்தாரின் சருமத்தைக் காத்துக்கொள்ளலாம்.