மாத இதழும் தொகுப்பும்: தமிழ்ச் சித்திரக்கதைப் பதிப்பின் இரு வடிவங்கள்

முன்னுரை

தனித்தனியே தோன்றிய பாடல்களைத் தொகையாக்கிக் காத்தது தமிழ் மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இவ்விரு பங்குகளும் அச்சுக் காலத்திலும் தொடர்கின்றன. மாத இதழாக வந்த சித்திரக்கதை தொகுப்பாகும்போது விற்பனை முறையோடு பனுவலின் இயல்பும் மாறுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாத இதழ்

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடு ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடரின் நாயகனே இம்மாயாவி. அங்கே வாரத் தொடராக இருந்தது, இங்கே ஒரே இதழில் முழுக்கதையாயிற்று. எனவே இதழ், தொகுப்பு என்பன மாறா வகைமைகள் அல்ல. வாசிக்கும் சூழலே அவற்றை வரையறுக்கிறது.

1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்ட லயன் காமிக்ஸும், ராணி காமிக்ஸும் தோன்றின. சிறுவர் கைக்காசுக்கு எட்டும் விலையும், பூந்தமல்லி போன்ற புறநகர்களின் பேருந்து நிலையக் கடைவரை எட்டும் முகவர் வலையும் மாத இதழின் வலிமை. விற்காத படிகள் திரும்பி வருவதால் நேரும் இழப்பு அதன் நலிவு. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது.

தொகுப்பு

வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த பெல்ஜியத் தொடர், ‘இரத்தப் படலம்’ என்னும் பெயரில் லயன் காமிக்ஸில் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வந்தது. நினைவிழந்த ஒருவன் தன் அடையாளத்தைத் தேடும் கதை இது; தொடக்கப் பாகங்கள் கிடைக்காதவர் பின்னவற்றைத் தொடர்வது அரிது. 2010இல் 18 பாகங்கள் கருப்பு வெள்ளையில் ஒரே நூலாயின. 2018இல் வண்ணத் தொகுப்பு முன்பதிவின் துணையோடு வெளிவந்தது. முன்பதிவில் படிகளின் தேவை முன்பே தெரிவதால் பதிப்பாளரின் இழப்பு குறைகிறது. முன்பணம் செலுத்தும் வாசகரே இன்றைய தொகுப்பித்தவர்.

எனினும், விலை மிகுந்த தொகுப்பை வாங்குவோர் பெரும்பாலும் கதையை முன்பே அறிந்தவர்கள். அவர்களை வாசகர்களாக்கியது மாத இதழ். ஆகவே தொகுப்பின் சந்தை, இதழ் முன்னரே ஈட்டிய வாசகப் பரப்பின்மேல் நிற்கிறது.

தொகுப்பில் நீங்குவன

தொகுப்பு கதையைக் காக்கிறது. கதையைச் சூழ்ந்தவற்றைக் காப்பதில்லை. ‘ஹாட்லைன்’ என்னும் ஆசிரியர் பக்கம், வாசகர் கடிதங்கள், அடுத்த இதழ் அறிவிப்பு, விலைக்குறிப்பு ஆகியன இதழோடு நின்றுவிடுகின்றன. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’, மணியம் ஓவியங்கள் இன்றியே பல நூற்பதிப்புகளைக் கண்டதும் இத்தகைய இழப்பே. புறநானூற்றைத் தொகுத்தோர் திணை, துறையோடு பாடினோர், பாடப்பட்டோர் பற்றிய குறிப்புகளையும் காத்தனர். அக்குறிப்புகள் இல்லையெனில் பல பாடல்களின் சூழல் இன்று விளங்காது.

முடிவுரை

சித்திரக்கதையின் கதையமைப்பை ஆராய்வோர்க்குத் தொகுப்பு போதும். மொழிபெயர்ப்பு நடையின் மாற்றம், வாசகர் ஏற்பு, விலை வரலாறு ஆகியவற்றை ஆராய்வோர்க்கு மாத இதழே முதன்மைச் சான்று. மலிவான தாளில் அச்சான அவ்விதழ்கள் விரைவில் சிதைபவை. தொகுப்பு வந்துவிட்டது என்பதற்காக நூலகங்கள் இதழ்களைக் கழித்துவிடலாகாது. ஆய்வாளரும் தாம் பயன்படுத்திய வடிவம் எதுவெனச் சுட்டுதல் வேண்டும்.